நித்தவளையில் ஒரு பருவம்

கண்டியைப் பற்றி எழுதப் புகுவோர் தலதா மாளிகையையும் வாவியையும் எசல பெரகராவையும் சொல்லித் தம் கடமையை முடித்துக்கொள்வது வழக்கம். நித்தவளை மைதானத்தைப் பற்றி நமது தமிழ் ஏடுகளில் எவரும் எழுதியதாக நாம் கண்டதில்லை. நகரின் வடபுறத்தே, மேடுகளுக்கு நடுவே கிடக்கும் அந்தப் புற்றரை, 1874-ஆம் ஆண்டில் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் இருப்பிடம். அங்கே றகர் ஆடுகிறார்கள். றக்பி என்று எழுதுவோரும் உண்டு. நமது ஊர்ச் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாயாற் சொல்வது றகர் என்றே ஆதலின் நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

விளையாட்டா, அதுவும் துரைமார் விட்டுச்சென்ற விளையாட்டா என்று முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் சிலரை நாம் அறிவோம். கூத்தையும் கோயில் திருவிழாவையும் ஆராய ஒப்பும் இவர்கள், கடைச் சிப்பந்திகளும் எழுதுவினைஞரும் பேருந்துச் சாரதிகளும் மாணவரும் ஆயிரக்கணக்கிற் கூடி ஒரே தொண்டையாய் ஆர்ப்பரிக்கும் ஓர் இடத்தை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? மக்கள் எங்கே 'நாம்' என்று உணர்கிறார்களோ அங்கே சமூகத்தை ஆராய்வோனுக்கு வேலை உண்டு. அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள், அது எத்தனை நேரம் நிலைக்கிறது என்பதே கேள்வி.

2017-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2018-ஆம் ஆண்டின் முற்பகுதியில் முடிந்த தேசிய லீக் பருவத்தில், நித்தவளையில் நடந்த ஆட்டங்களுக்கு நாம் ஒழுங்காகச் சென்று வந்தோம். நம்முடன் நண்பர் இருவர் வந்தனர். ஒருவர் அக்குறணையைச் சேர்ந்தவர், கணித ஆசிரியர். மற்றவர் மலைமேல் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழும் வரலாறும் கற்பிப்பவர். கணித ஆசிரியருக்கு ஆட்டத்தின் நெளிவு சுளிவுகள் யாவும் பாடம். வரலாற்று ஆசிரியர் முதன்முறையாகப் பார்க்க வந்தவர். இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்ததால் நமக்கு ஆட்டமும் அதற்கு விளக்கவுரையும் ஒருங்கே கிடைத்தன.

லீக்கில் எட்டு அணிகள். கண்டி ஒன்று, கொழும்பின் பழைய கழகங்கள் மூன்று, எஞ்சிய நான்கும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். ஒவ்வோர் அணியும் மற்றையதைத் தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் சந்திக்கும். வெற்றிக்கு நான்கு புள்ளி. நான்கு ட்ரை வைத்தால் மேலதிகமாக ஒன்று. ஏழு அல்லது அதற்குக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் தோற்றவனுக்கும் ஒன்று உண்டு. கடைசி மணிவரை போராடித் தோற்றவனுக்கு ஏதேனும் கொடுக்கும் இந்த ஏற்பாடு நமது வரலாற்று ஆசிரியருக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று. "சம்பளப் பேச்சுவார்த்தையிலும் இப்படி ஒரு விதி இருந்தால் நன்றாயிருக்கும், சேர்" என்றார். யார் வென்றார், எத்தனை புள்ளி என்ற கணக்குகளைச் செய்தித்தாள்கள் செவ்வனே அச்சிட்டுவிட்டன. அவற்றை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை.

ஆனால் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இருக்க முடியாது. பதினைந்து பேர் கொண்ட அணி. கையிலுள்ள பந்தை முன்னே நிற்பவனுக்கு எறிதல் குற்றம். பக்கத்திலோ பின்னாலோ வருபவனுக்கே கொடுக்க வேண்டும். ஆகவே முன்னேற விரும்பும் ஒருவன் தனக்குப் பின்னே தோழர்கள் ஓடி வருகிறார்களா என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். தனியே ஓடியவன் விழுத்தப்படுவான்; விழுத்தப்பட்டவன் பந்தை விட்டுவிட வேண்டும். ஸ்கிரம் என்று ஒன்று உண்டு. இரு புறத்தும் எண்மர் தோளோடு தோள் பிணைந்து, தலை தாழ்த்தி, நடுவர் குரல் கேட்டதும் ஒருவரையொருவர் தள்ளுவர். பார்வையாளர் கண்ணுக்கு அங்கே நிகழ்வது ஒன்றும் தெரிவதில்லை. சேறும் மூச்சும் முதுகுகளுமே தெரியும். அங்கே உழைப்பவனின் பெயரை யாரும் கூவுவதில்லை. அவர்கள் வென்றெடுத்த பந்தைப் பெற்று வெளியோரமாய்ப் பறந்து கோட்டுக்கு அப்பால் வைப்பவனுக்கே பப்பரே வாத்தியம் முழங்குகிறது. இதை வர்க்கப் பாடமாக விரித்துக் காட்டும் ஆசை நமக்கு எழாமல் இல்லை. கணித ஆசிரியர் நமது முகத்தைப் பார்த்தே அதை அறிந்து, "ஆட்டத்தைப் பாருங்கள்" என்று அடக்கிவிட்டார்.

இந்த ஆட்டம் இம்மலைகளுக்கு வந்த வழி தெளிவானது. 1879-ஆம் ஆண்டில் கொழும்பில் வெள்ளையர் தமக்குள் ஆடத் தொடங்கினர். கண்டியில் அதைப் பாடசாலைப் பிள்ளைகளின் கைக்கு மாற்றியவர் எல். இ. பிளேஸ் என்னும் பறங்கிய ஆசிரியர். 1891-ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய அவர் அவ்வாண்டிலேயே மாணவருக்கு இதைக் கற்பித்தார். 1906-ஆம் ஆண்டில் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே இலங்கையில் இரு பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றகர் ஆட்டம், சமநிலையில் முடிந்தது. துரைமாரின் கழகத்துக்குள் அடைபட்டுக் கிடந்த ஒன்றை ஓர் ஆசிரியர் வகுப்பறைக்கு எடுத்து வந்தார் என்பதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மலைநாட்டின் மறுபக்கத்தில், தோட்டத்துரைமார் ராதல்லையிலும் டரவளையிலும் தமக்கெனக் கழகங்கள் அமைத்து ஆடினர். அந்தக் கழகங்களைப் பார்த்தவர் ஒன்றைக் கவனித்திருப்பர். மலையென்றால் சரிவு, சரிவெல்லாம் தேயிலை, தேயிலையைப் பிடுங்கி ஒரு துண்டு நிலத்தைச் சமப்படுத்த வேண்டுமென்றால் அதற்கு அதிகாரம் வேண்டும். றகர் மைதானத்துக்கு நூறு மீட்டர் நீளமும் எழுபது மீட்டர் அகலமும் உள்ள மட்டமான நிலம் தேவை. கண்டியில் அஸ்கிரிய மைதானமும் மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கி, 1915-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதுதான். நமது மலைகளில் மட்டமான நிலம் இயற்கையின் கொடையன்று. யாரோ கட்டளையிட, யாரோ வெட்டியது. கட்டளையிட்டவர் ஆடினார். லயத்துப் பிள்ளைக்கு எஞ்சியது லயத்து வாசல், கோவில் முற்றம், கொழுந்து நிறுக்கும் இடம் ஆகியவையே. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; துரைமார் கப்பலேறினர்; ஆனால் அவர்கள் விட்ட புற்றரைகள் லயத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடவில்லை.

இன்று ஒரு சிறுவன் தேசிய லீக்குக்கு வரக்கூடிய வழிகளை எண்ணிப் பார்ப்போம். பெரிய கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கே பயிற்சி பெற்று, கழகத்தின் கண்ணிற் படுவது ஒரு வழி. வறிய வீட்டுச் சிங்கள இளைஞனுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆட்டத்திறமை அவனுக்குப் படையிலோ பொலிஸிலோ ஓர் உத்தியோகத்தையும் ஓய்வூதியத்தையும் பெற்றுத்தரும். எட்டு அணிகளில் நான்கு அரசின் ஆயுதம் தாங்கிய பிரிவுகளாயிருப்பது எவ்வளவு பெரிய செய்தி! தமிழ் இளைஞனுக்கு, முப்பதாண்டு யுத்தத்தின் பின்னர், அந்த வாசல் பெயரளவிலேயே திறந்திருக்கிறது. முதல் வழியோ பணத்தின் வழி. 2016-ஆம் ஆண்டின் கூட்டொப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி அப்போது 500 ரூபாயாயிருந்தது. முள் பதித்த காலணி ஒரு சோடி வாங்கப் பல நாட்கூலி வேண்டும். தமிழர் எவரும் றகர் ஆடியதில்லை என்று நாம் சொல்லவில்லை. 1950-ஆம் ஆண்டில் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்புக்கு வந்தபோது இலங்கை அணியில் ஓடியவர் 'சும்மா' நவரத்தினம். ஆனால் அவர் றோயல் கல்லூரியில் கற்றவர்.

நித்தவளையில் தமிழ் கேட்காமல் இல்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த ஒரு மாலையில், படிக்கட்டுகளுக்கிடையே போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாம் பேசியதைக் கேட்டு நின்றார். மஹியாவையைச் சேர்ந்தவர். கண்டியின் தெருக்களையும் வடிகால்களையும் துப்புரவாக்கவென்று வெள்ளையர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் சந்ததி வாழும் இடம் அது. மைதானத்திலிருந்து அதிக தூரமில்லை.

"ஐயா, ஆட்டம் பார்ப்பீர்களா?" என்று கேட்டோம்.

"சத்தம் கேட்பேன், சேர். சத்தத்தை வைத்தே யார் ஜெயிக்கிறது என்று சொல்லிடுவேன். கண்டி தோற்றால் குப்பை குறைவு" என்றார்.

அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வரலாற்று ஆசிரியர் மட்டும் வீடு சேரும்வரை பேசவில்லை.

மேடையிலும் தமிழ் உண்டு. கண்டி அணியின் வரலாற்றில் முஸ்லிம் வீரர் பலர். கிங்ஸ்வூட்டிலிருந்து வந்த பாசில் மரிஜா கண்டிக்கும் இலங்கைக்கும் தலைமை தாங்கியவர். அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அவரது பெயரைச் சிங்கள இளைஞர் தொண்டை கிழியக் கூவியதை நாம் காதாற் கேட்டிருக்கிறோம். கொழும்பின் கழகங்களுடைய ஆதிக்கத்தைக் கண்டி 1990-களில் உடைத்தது முதல், நகரத்து மனிதனுக்கு இந்த அணி ஒரு பெருமிதம். தலைநகரம் தன்னைப் பட்டிக்காடென்று எண்ணியதற்கு அவன் சொல்லும் மறுமொழி. அந்த மறுமொழியை எந்த மதத்தவன் கையில் ஏந்தி ஓடினாலும் அவனுக்குச் சம்மதமே. எண்பது நிமிடங்களுக்கு இது உண்மை. போலி என்று இதைத் தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை.

எண்பது நிமிடங்களுக்கு அப்பால் என்ன என்பதை அவ்வாண்டு மார்ச் மாதம் காட்டிற்று. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மருத்துவமனையில் இறந்ததை முகாந்திரமாகக் கொண்டு, திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிக்கப்பட்டன. தீ கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைப் பக்கத்துக்கும் பரவியது. எரிந்த வீட்டினுள் முஸ்லிம் இளைஞன் ஒருவன் இறந்தான். மார்ச் 6-ஆம் திகதி நாடெங்கும் அவசரகாலச் சட்டம். ஊரடங்கின்போது கணித ஆசிரியருடன் தொலைபேசியிற் பேசினோம். தம் தெருவின் விளக்குகளை அணைத்துவிட்டு அவரும் அயலவரும் விழித்திருந்தனர். வெளியூரார் செய்த வேலை என்று நகரத்தார் பலர் ஆறுதல் சொன்னார்கள். வெளியூராரும் வந்திருக்கலாம். எந்தக் கடை எவருடையது என்று அவர்களுக்குக் காட்டிய விரல்கள் உள்ளூர் விரல்களே என்று அவர் சொன்னார்.

கண்டியிலிருந்து திகனவுக்குப் போகும் வழியிலேதான் குண்டசாலை இருக்கிறது. முத்தையா முரளிதரனின் குடும்பத்தாருடைய பிஸ்கட் தொழிற்சாலை 1977-ஆம் ஆண்டின் வன்செயலில் எரிக்கப்பட்டது அங்கேதான். அப்போது அவருக்கு ஐந்து வயது. முப்பதாண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டு டிசம்பரில், அஸ்கிரியவில் உலகச் சாதனை விக்கெட்டை அவர் வீழ்த்தியபோது இந்நகரமே எழுந்து ஆடிற்று. கைதட்டியவரும் தீ வைத்தவரும் ஒருவரே என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தீ வைக்கச் சிலர் போதும். கைதட்டிய ஆயிரக்கணக்கானோர் அந்த நாட்களில் எங்கே இருந்தார்கள் என்றே கேட்கிறோம். திகனவில் ஒரு கடை வாசலில், ஒரு பள்ளிவாசல் முன்னால், ஸ்கிரம்மில் நிற்பதுபோல எண்மர் தோள் பிணைத்து நின்றிருந்தால்! சில இடங்களிற் பிக்குமாரும் சிங்கள அயலவரும் அவ்வாறே நின்றனர். அவர்களை நாம் மறக்கவில்லை. போதிய தோள்கள் இருக்கவில்லை.

அடுத்த பருவம் வந்தது. அணிகள் அவையே. கணித ஆசிரியர் முதல் ஆட்டத்துக்கு வரவில்லை, இரண்டாவதுக்கும் வரவில்லை. மூன்றாவதுக்கு வந்து, வழமையான இடத்தில் அமர்ந்து, கண்டி முதல் ட்ரை வைத்தபோது எழுந்து நின்றார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் அவருக்குப் பின்னால் இருந்த சிங்கள முதியவர் ஒருவர் கடலைச் சுருளை நீட்டினார், வாங்கிக்கொண்டார்.

வரலாற்று ஆசிரியர் ஆட்டம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு நேரமில்லை. பழைய பந்து ஒன்றை எங்கோ வாங்கி, பாடசாலைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய நிலத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். விழுத்தக் கூடாது, தொட்டால் போதும் என்று விதியை மாற்றியிருக்கிறார். ஏனெனில் நிலம் கல்லும் சரிவுமானது. பந்து கைதவறினால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும். அதைத் தேடி எடுக்கவென்றே இருவரை நிறுத்தியிருக்கிறார். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். நாம் போய்ப் பார்த்த அன்று, பின்னாலுள்ளவளுக்குப் பந்தைக் கொடுக்காமல் தனியே ஓடிய சிறுவனை நிறுத்தி, "யாருக்காகடா ஓடுறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைக்குக் கீழே மட்டமான நிலம் ஒன்று உண்டு. புல் வளர்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைப் பிள்ளைகளுக்குத் தரும்படி தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். பெற்றோர் எழுபத்திரண்டு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கையொப்பமிடத் தெரியாதவர்கள் பெருவிரலைப் பதித்திருக்கிறார்கள். மறுமொழி வரவில்லை. இரண்டாவது கடிதத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.