ஸ்ட்ரிங்ஸ் பெட்டி

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை, முடிச்சூரில் மாமா வீட்டிலிருந்து நாங்கள் முதலில் வெளியே தூக்கி வந்தது பாட்டியை. அடுத்து காஸ் சிலிண்டர். அதற்கடுத்து பத்திரங்கள் இருந்த ரெக்ஸின் பை. கட்டிலுக்கு அடியில் ஜமுக்காளம் சுற்றி வைத்திருந்த ஸ்ட்ரிங்ஸ் பெட்டியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமாவும் வாய் திறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை என்று பிறகு செய்தியில் பார்த்தோம். அன்றைக்கு எங்களிடம் இருந்த அளவுகோல் மாமாவின் மார்புதான். தண்ணீர் அதுவரை நின்றது.

நாலு நாள் கழித்துப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே சர்க்யூட் போர்டுகளுக்கு நடுவில் சேறு அல்வா மாதிரி படிந்திருந்தது. நான் போனில் நாலைந்து படம் எடுத்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "போனா போவுது, விடுறா" என்றார். ஃபிரிட்ஜோடு அதுவும் காயலான் கடைக்குப் போனது.

மாமா பகலில் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். சனி, ஞாயிறுகளிலும் ஆடி மாதம் முழுக்கவும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. கல்யாண ரிசப்ஷன், அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா, தேர்தல் நேரத்தில் கட்சி மேடை என்று எல்லாம் உண்டு. குழுவின் முதலாளி பர்மா பஜாரில் யாரையோ பிடித்து, எண்பதுகளின் நடுவில் அந்தப் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். இத்தாலியில் செய்தது என்பார்கள். முன்பக்கப் பெயர்த்தகடு நான் பார்த்த காலத்திலேயே பெயர்ந்துபோயிருந்தது, பசை மட்டும் இருந்தது. குழு கலைந்தபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாகப் பெட்டியை மாமாவிடமே கொடுத்துவிட்டார்கள்.

கருவிதான் சொத்து என்ற காலம் அது. ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபிறகு, அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அவர் குடும்பம் பிழைத்தது என்பதை ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றிப் படித்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மாமா வாடகைக்கு விடவில்லை, விற்கவும் இல்லை. வாசிக்கவும் இல்லை என்பதுதான் எனக்குப் புரியாமலே இருந்த விஷயம். சின்ன வயதில் நான் கெஞ்சினால் வருஷத்துக்கு ஒருமுறை ஜமுக்காளத்தைப் பிரிப்பார். ஒரே ஒரு கார்டு அழுத்துவார். முன்னறை முழுக்க வயலின்கள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். உடனே அணைத்துவிடுவார்.

அந்தச் சத்தத்தைத்தான் நான் திரும்பச் செய்ய நினைத்தேன்.

இந்த வகைப் பெட்டிகளில் பிரபலமானது சொலினா. ஹாலந்தில் எமினென்ட் என்ற ஆர்கன் கம்பெனி செய்தது, 1974இல் வந்தது. அமெரிக்காவில் ஆர்ப் என்ற பெயரில் விற்றார்கள். பிங்க் ஃபிளாய்டின் 1975 ஆல்பத்தில் ரிச்சர்ட் ரைட் வாசித்திருப்பது அதைத்தான். அடுத்த வருஷம் ழான் மிஷேல் ழார் 'ஆக்ஸிஜென்' செய்தபோது பயன்படுத்தியது அதே எமினென்ட் கம்பெனியின் 310 என்ற ஆர்கனை. நம் ஊர்க் கணக்கில் அது 'அன்னக்கிளி' வந்த வருஷம். இத்தாலியில் லோகன், எல்கா, குரூமர் என்று ஒரு கூட்டமே இதே பெட்டியைத் தங்கள் பாணியில் செய்துகொண்டிருந்தது.

உள்ளே இருப்பது ஆர்கன்தான். மேல் ஸ்தாயியின் 12 சுரங்களை மட்டும் உண்டாக்க வேண்டும், அவ்வளவே. கீழ் ஸ்தாயிகளுக்கு அதே அலையை இரண்டால் வகுத்துக்கொண்டே இறங்கலாம். 880ஐ வகுத்தால் 440, இன்னொரு முறை வகுத்தால் 220. வகுப்பதற்கு ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் படித்த காலேஜில், மூன்றாம் செமஸ்டர் லேபில் இதையேதான் செய்தேன். எல்.இ.டி. ஒன்று விட்டு ஒன்று எரிந்தது, அட்டெண்டன்ஸ் கிடைத்தது. அதற்குள் ஒரு ஹார்மோனியம் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. 4040 என்று ஒரு சிப், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஒரு சுரத்தை உள்ளே விட்டால் பன்னிரண்டு முறை வகுத்துக் கொடுக்கும்.

அந்த 12 சுரங்களுக்கும் தனித்தனி ஆஸிலேட்டர் வைத்தவர்களும் உண்டு. பிறகு வந்த பெட்டிகளில் ஒரே ஒரு கடிகாரம்தான். வினாடிக்கு 20 லட்சம் துடிப்புக்குக் கொஞ்சம் மேல். அதை 239ஆல் வகுத்தால் ஸி, 253ஆல் வகுத்தால் பி, 284ஆல் வகுத்தால் ஏ. சம இடைவெளிச் சுரங்கள் முழு எண்ணில் அடங்காதவை. ஆனாலும் பிழை ஒன்றேகால் சென்ட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தில் நூறில் ஒன்றேகால் பங்குகூட இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்த எண்களைத் தேடியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

இப்படி வரும் சத்தம் செத்த சத்தம். எல்லா ஸ்தாயியும் ஒரே தாயிடமிருந்து வருவதால் இம்மி பிசகாமல் ஒன்றாக நடக்கும், போலீஸ் பரேடு மாதிரி. பத்து வயலின்காரர்கள் ஒன்றாக வாசித்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கும், கை நடுக்கம் ஒவ்வொருவருக்கும் வேறு. நம் காது அந்த விலகலைத்தான் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அதைப் போலி செய்யக் கிடைத்தது, 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்த பக்கெட் பிரிகேட் சிப். கான்கிரீட் போடும் நாளில் சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதேதான். சட்டிக்குப் பதில் மின்னூட்டம், ஆட்களுக்குப் பதில் நூற்றுக்கணக்கான மின்தேக்கிகள். கீழே கொடுத்த சத்தம் மேலே போய்ச் சேரச் சில மில்லி வினாடி ஆகும். மேஸ்திரி விரட்டினால் வேகம் கூடும், விட்டால் குறையும். அப்படித் தாமதம் மாறும்போதெல்லாம் சுருதியும் கொஞ்சம் ஏறி இறங்கும். சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போது, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் இறங்குமே, அதே கணக்கு.

சொலினாவில் இப்படி மூன்று வரிசைகள். மூன்றுக்கும் இரண்டு மேஸ்திரிகள். ஒருவர் வினாடிக்கு ஒருமுறைகூட முழுசாக ஆடாத சோம்பேறி, இன்னொருவர் வினாடிக்கு ஆறு முறை ஆடுபவர். மூன்று வரிசையும் ஒரே நேரத்தில் ஆடாமல், வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி ஆடும். செத்த ஆர்கன் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வயலின் கூட்டமாக வெளியே வரும். இந்த வித்தைக்குச் சில பெட்டிகளில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அன்சாம்பிள் என்று எழுதியிருக்கும்.

இப்போது இவை திரும்ப வந்துவிட்டன. பக்கெட் பிரிகேட் சிப்புகளை மறுபடி தயாரிக்க ஆரம்பித்ததால், பெஹ்ரிங்கர் சொலினாவின் சர்க்யூட்டையே கட்டைகள் இல்லாத ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு விற்கிறது. ஜெர்மனியின் வால்டார்ஃப் அதை முழுக்க டிஜிட்டலில் செய்தது. அதன் பெயர் ஸ்ட்ரைக்ஃபெட். ரொட்டியில் தடவும் கொழுப்பு என்று அர்த்தம். ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கிறவர்களுக்குப் புரியும், சரியான பெயர். ஆர்டூரியா போன்றவர்கள் லேப்டாப்பில் ஓடும் மென்பொருளாகவே தருகிறார்கள். எனக்கு இதில் எதையும் வாங்கத் தோன்றவில்லை. சொலினா வேண்டியவர்களுக்கு அவை போதும். எனக்கு வேண்டியிருந்தது பெயர்த்தகடு இல்லாத அந்தப் பெட்டி. சேறு படிந்த நாலைந்து படங்கள் தவிர அதற்கு ஆதாரமே இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த மாதிரி போர்டு ஏதாவது கிடைக்குமா என்று மூன்று வாரம் அலைந்தேன். டைப்ரைட்டர் கிடைத்தது, ஒற்றை ஷூ கிடைத்தது.

கடைசியில் நானே எழுதினேன். பன்னிரண்டு கவுண்டர், மூன்று தாமத வரிசை, இரண்டு மேஸ்திரி. முக்கியமான பகுதி அறுபது வரிகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் ஒரு மிடி கீபோர்டையும் தூக்கிக்கொண்டு முடிச்சூர் போனேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கார்டு அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ரொம்பக் குளிச்சு பவுடர் போட்டு வந்த மாதிரி இருக்குடா."

சரியான விமர்சனம். அசல் சிப்பில் ஒவ்வொரு கைமாற்றலிலும் கொஞ்சம் சிந்தும், இரைச்சல் சேரும், கூர்மை போகும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுக்குச் சேர்த்தேன். இரைச்சலை ஒழிக்க ஐம்பது வருஷம் உழைத்துவிட்டு, இப்போது அதைத் திரும்ப எழுதுகிற வேலைக்கு இன்ஜினியரிங் என்றுதான் பெயர். மாமா மறுபடி வாசித்தார். "ம்" என்றார். பிறகு, "நம்ம பெட்டில நடுவுலேர்ந்து கீழ எஃப் ஷார்ப்பே வராது. மேல மட்டும் வரும். கடைசி மூணு வருஷம் அப்படித்தான்" என்றார்.

எனக்கு ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமான பக் ரிப்போர்ட் வந்ததில்லை. சங்கிலியில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் செத்தால், அதற்குக் கீழே உள்ள எல்லா ஸ்தாயியிலும் அந்தச் சுரம் ஊமையாகிவிடும். ஒரு வரியை மாற்றினேன். எஃப் ஷார்ப் செத்தது. மாமா அந்தக் கட்டையை நாலு முறை அழுத்திப் பார்த்துச் சிரித்தார்.

பிறகுதான் அவர் திரையில் இருந்த அன்சாம்பிள் பட்டனைக் காட்டி, "இதானே அந்த ஸ்விட்ச்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அணைக்கச் சொன்னார். சப்பென்று ஆர்கன். போடச் சொன்னார். வயலின் கூட்டம். இப்படியே ஐந்தாறு முறை.

"மொதல்ல நம்ம குரூப்ல ரெண்டு வயலின் உண்டு, தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. ஒருவர் பல்லாவரத்திலிருந்து சைக்கிளில் வருவார், கேரியரில் வயலின் பெட்டி. மற்றவர் சேலையூர். இளையராஜா பாட்டு வாசிக்கவேண்டும் என்றால் ரெக்கார்டில் ஒரு கூடம் நிறைய வயலின் இருக்கும், மேடையில் இவர்கள் இரண்டு பேர். எப்படிச் சமாளித்தார்கள் என்பதை மாமா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பல்லாவரத்துக்காரர்தான் மாமாவுக்கு நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். பீச் லைன் டிரெயினில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் பின்னால் ஐந்து கோடு போட்டு.

பெட்டி வந்த அன்று ரிகர்சலில் மாமா அந்த ஸ்விட்சைப் போட்டு ஒரு இன்டர்லூட் வாசித்திருக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள். வயலின்காரர்கள் இரண்டு பேரும்தான் அதிகமாகத் தட்டினார்கள். அடுத்த மாதம் சேலையூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆடி முடிவதற்குள் பல்லாவரத்துக்காரருக்கும். யாரும் நிறுத்தவில்லை, கூப்பிடாமல் விட்டார்கள். மாமாவுக்குக் கச்சேரிக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள்.

1982இல் பாரி மனிலோ பிரிட்டனில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் சிந்தசைசர்களோடு கச்சேரி செய்தபோது, அங்கே இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை சிந்தசைசரையே தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்றைக்கு எல்லாரும் அதை ஜோக்காகத்தான் சொல்கிறார்கள். நானும் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சென்னையில் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்குப் பிறகும் பல வருஷம் வயலின்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்தன. எனக்குப் படுவது, ஆள் குறைந்தது முதலில் மேடையில்தான். அங்கே தீர்மானம் போடச் சங்கம் இல்லை.

நான் மாமாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மூன்று டெஸ்டர்கள் நாலு நாள் செய்வதை அது ராத்திரியோடு முடித்தது. டெமோவில் அவர்களும் கைதட்டினார்கள். அதில் ஒரு பெண் எனக்கு மேடவாக்கம் வரை கேப் கூட்டாளி. அவருடைய பெயர் அடுத்த பிராஜெக்ட் பட்டியலில் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததும் இல்லை, அந்த ஞாயிறு வரை.

"அப்புறம் பல்லாவரத்துக்காரரைப் பாத்தீங்களா மாமா?"

"ஒருவாட்டி. ஸ்டேஷன்ல. 'பொட்டி எப்படிப்பா இருக்கு'ன்னு கேட்டாரு. நல்லாருக்குண்ணேன்னேன். ரயில் வந்துடுச்சு."

அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். மாமா குடிக்கவில்லை. ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, செத்த ஆர்கன் சத்தத்திலேயே ஒரு இன்டர்லூட்டை வாசிக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த பாட்டுதான், ஆனால் பிடிபட நேரமானது. கேட்டுப் பழகிய மெலடி அதில் இல்லை. நடுவில் நீள நீளமாகச் சில சுரங்கள், இடைவெளி, மறுபடி சில சுரங்கள். எஃப் ஷார்ப் வரவேண்டிய இடத்தில் கட்டை மட்டும் டொக்கென்றது.

"மேல ஒண்ணு வருமே மாமா, அதையும் சேத்து வாசிங்க. ரெண்டு கைதான் இருக்கே."

"இது சேலையூர்க்காரர் வாசிக்கறது. ரெண்டாவது வயலின்" என்றார். வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். "மேல வர்றது அவரோடதுடா."

காபி ஆறிவிட்டது என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாமா முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.