கச்சேரிக்குப் பின் வரும் பசி

இசையைப் பற்றி எழுதுவோர் பலர். இசை முடிந்தபின் வரும் பசியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கேள்விக்குப் பின்னரே வயிற்றின் முறை என்பது, வள்ளுவர் 'கேள்வி' அதிகாரத்தில் வகுத்துத் தந்த வரிசை. அந்த வரிசையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வயிற்றின் முறை வரும் வேளையில் ஊரில் ஓர் அடுப்பாவது எரிந்துகொண்டிருக்க வேண்டுமல்லவா? செவி நிறைந்து, கைக்கடிகாரம் பத்தரையைக் காட்டும்போது, தெருவில் இறங்கி நிற்கும் சுவைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் நிலையாவது பரவாயில்லை. மேடையிலிருந்து இறங்கி வரும் கலைஞனின் நிலை இன்னும் கடினம்.

பாடுவோர் வயிறு நிறைய உண்டுவிட்டு மேடை ஏறுவதில்லை. நிறைந்த வயிறு மூச்சை முட்டும். நீண்ட கார்வைக்கு இடம் தராது. பக்கவாத்தியக்காரரும் அப்படியே. மாலை நான்கு மணிக்குச் சிறிது சிற்றுண்டி, ஒரு குவளை காப்பி, அவ்வளவுதான். ஆறரைக்குத் தொடங்கும் கச்சேரி ஒன்பதரைக்கு முடியும். பிறகு பொன்னாடை, நன்றியுரை, நிழற்படம். தம்புராவுக்கு உறை மாட்டி, மிருதங்கத்தைப் பையிலிட்டு வெளியே வரும்போது மணி பத்தைக் கடந்துவிடும். உழைத்த உடம்பு அப்போதுதான் தன் கூலியைக் கேட்கிறது.

சென்னையின் மார்கழி விழாவில் இதற்கு ஒரு பாதி விடை உண்டு. சபாக்களின் உணவுக்கூடங்களில் அடையும் அவியலும் காசி அல்வாவும் பெயர் பெற்றவை. கச்சேரிக்கென வந்து சாப்பாட்டுக்கென அமர்ந்தவர்கள் அங்கே உண்டு. சாப்பாட்டுக்கென வந்து இசையில் மயங்கி எழ மறந்தவர்களும் உண்டு. ஆயினும் அக்கூடங்களின் சிறப்பெல்லாம் பகலுக்கும் மாலைக்கும் உரியது. கடைசிக் கச்சேரி முடிந்து கூட்டம் கலையும்போது அங்கே பெரும்பாலும் பாத்திரம் கழுவும் ஓசையே வரவேற்கும்.

மதுரையின் வழக்கம் வேறு. 'தூங்கா நகரம்' என்னும் பெயர் நேற்று விளம்பரத்துக்காகச் சூட்டப்பட்டதன்று. பத்துப்பாட்டில் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. அதில் மாங்குடி மருதனார், பகற்கடைத் தெருவாகிய நாளங்காடியையும் இரவுக்கடைத் தெருவாகிய அல்லங்காடியையும் தனித்தனியே பாடுகிறார். இரவை யாமம் யாமமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நகர் என்ன செய்கிறது என்று காட்டுகிறார். தேன்கூடு போன்ற மெல்லிய அடையும், பூரணம் பொதிந்த மோதகமும் விற்கும் வணிகர், சரக்கின் அருகிலேயே கண்ணயரும் காட்சியும் அங்கே உண்டு. இரவில் உணவு விற்பவன் விற்றபடியே தூங்கி விழுகிறான் என்பதைக் கவனித்த புலவர், அரசனைப் பாடும் பாட்டில் அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். அந்த உள்ளம் நம்மை வியக்க வைக்கிறது.

பிற்காலத்தில் மதுரையின் இரவு அடுப்புகளை அணையாமல் காத்தவர்கள் தொழிலாளர். ஆலைகள் முறை மாற்றி ஓடிய காலத்தில், நள்ளிரவில் வேலை முடித்து வந்தவர்களுக்குச் சூடான உணவு வேண்டியிருந்தது. இன்று மாட்டுத்தாவணியில் காய்கறிச் சுமையை இறக்குவோரும், விடியுமுன் மல்லிகையோடு வந்து சேர்வோரும், தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர்களும், மருத்துவமனை வாசலில் விழித்திருக்கும் உறவினரும் அந்த அடுப்புகளை நம்பியிருக்கிறார்கள். கச்சேரி கேட்டுவிட்டு வருகின்ற நாம் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தினர்.

சில ஆண்டுகளுக்கு முன் தல்லாகுளம் பகுதியில் ஒரு கச்சேரி கேட்டோம். நண்பர் இருவர் உடன் வந்திருந்தனர். முடிந்து வெளியே வந்தபோது, கடம் வாசித்த கலைஞர் தம் வாத்தியத்தை மடியில் அணைத்தபடி வாசற்படியில் அமர்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. தஞ்சாவூர்ப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டோம். "பந்தி முடிந்துவிட்டதாம் ஐயா. பரவாயில்லை, பழக்கம்தான்" என்றார். தோளில் பளபளக்கும் பொன்னாடை; வயிற்றில் மாலைக் காப்பி மட்டும். 'பழக்கம்தான்' என்ற அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. பசியைப் பழக்கமாக்கிக்கொள்ளும்படி ஒரு கலைஞனை விட்டுவிட்டு, அவன் கலையை எப்படிப் போற்றுவது?

நால்வருமாக ஆட்டோவில் ஏறி, 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வைகையைக் கடந்து சிம்மக்கல் பக்கம் சென்றோம். தெருவோரத்தில் ஒரு தள்ளுவண்டி. ஒருபுறம் இட்லிக் கொப்பரையில் ஆவி பறந்தது. மறுபுறம் பரோட்டாக் கல். "வாங்கண்ணே, உட்காருங்க" என்று பலகையைத் துடைத்து இடம் தந்தார் கடைக்காரர். கடக் கலைஞர் இட்லி கேட்டார். துணியில் வெந்த இட்லி, வாழையிலையில் விழும்போதே நடுங்கியது. தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, சாம்பார். ஆறு இட்லி உண்ணும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அதற்குள் கல்லில் கொத்துப் பரோட்டா தொடங்கிவிட்டது. இரண்டு தகடுகள் இரும்புக் கல்லின்மேல் மாறி மாறி விழும் அந்த ஓசையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. கலைஞரின் இடக்கை விரல்கள் தொடையில் தாமாகவே எண்ணத் தொடங்கின. "காலப்பிரமாணம் அசையவே இல்லை, பார்த்தீர்களா?" என்றார். இதைக் கேட்ட பரோட்டா மாஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கச்சேரி எப்படிண்ணே இருந்துச்சு? நான் ஒண்ணுகூட முழுசாக் கேட்டதில்லை. அங்க பாட ஆரம்பிக்கிற நேரத்துலதான் நான் மாவை வீச ஆரம்பிப்பேன்."

அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை. கலைஞர்தான் பேச்சைத் தொடர்ந்தார். தம் கடம் பக்கத்திலுள்ள மானாமதுரை மண்ணில் வனைந்தது என்றும், அதன் சுவர் தடிப்பாகவும் எடை மிகுதியாகவும் இருப்பதால் விரலுக்கு வலிமை வேண்டும் என்றும் விளக்கினார். சோறு பொங்கும் பானையும் தாளம் பேசும் கடமும் ஒரே சக்கரத்தில் பிறந்த உடன்பிறப்புகள் அல்லவா? இருவரும் தத்தம் கைக் காய்ப்புகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். இறுதியில் பக்கத்து வண்டியில் பருத்திப்பால். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய அந்தப் பானம், இரவுப் பயணத்துக்கு ஏற்ற துணை. பிறகு அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம்.

நள்ளிரவில் நல்லுணவு தேடுவோர்க்கு நம் பட்டறிவில் கண்ட சில குறிப்புகள் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம், உண்போரைப் பாருங்கள். சுமை தூக்குவோரும் ஆட்டோ ஓட்டுநர்களும் நாள்தோறும் வந்து அமரும் கடையில் உணவு தேங்குவதில்லை. அவர்கள் வயிறு அடுத்த நாள் உழைப்பைக் கெடுக்கும் உணவைப் பொறுத்துக்கொள்வதுமில்லை. கண்முன்னே வேகும் பண்டத்தைக் கேளுங்கள். தேங்காய்ச் சட்னி வெப்பத்தில் விரைந்து புளிக்கும். ஆகையால் பின்னிரவில் தக்காளியோ, புதினாவோ, பொடியும் நல்லெண்ணெயுமோ மேலானது. சால்னா கொதித்துக்கொண்டிருக்கட்டும்; வெதுவெதுப்பாக இருந்தால் விலகிச் செல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் வெட்கமில்லை.

இனி, சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. 2019 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட கடைகளும் நிறுவனங்களும் நாள்தோறும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என 3 ஆண்டுகளுக்கு அனுமதி அளித்தது. 2022-இல் அந்த அனுமதி நீட்டிக்கப்பட்டது. நல்ல செய்தியே. ஆனால் கணவனும் மனைவியும் ஒரு மாஸ்டருமாக நடத்தும் தள்ளுவண்டிக்குப் பத்துப் பேர் எங்கிருந்து வருவர்? குளிரூட்டிய பெருங்கடைக்கு ஆணை துணை நிற்கிறது. தெருவோர அடுப்போ, சுற்றுக்காவல் வண்டியின் விளக்கைக் கண்டதும் அவசரமாகத் தணிகிறது. இத்தகையோரைக் காக்கவே 2014-இல் நாடாளுமன்றம் தெரு வணிகர் சட்டத்தை இயற்றியது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுக்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வணிகர்களே உறுப்பினராக இருத்தல் வேண்டும். விற்பனைச் சான்றிதழ் பெறுவதும் அவர்கள் உரிமை. அச்சட்டம் ஏட்டிலிருந்து இறங்கி இரவுத் தெருவுக்கு வரவேண்டும் என்பதே நம் விழைவு.

உழைப்போரின் கால்களையும் நினைக்க வேண்டும். கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. மாலை ஆறிலிருந்து நள்ளிரவுக்கு அப்பாலும் கல்லின் முன்னே நிற்கும் மாஸ்டர்க்கு, வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் உட்கார ஒரு முக்காலியாவது வேண்டாமா?

விழா நடத்துவோர்க்கு நாம் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. வரவுசெலவுக் கணக்கின் முதல் வரியில் கலைஞர்களின் இரவு உணவை எழுதுங்கள். அதிலும் கடைசியாக மேடையிலிருந்து இறங்கும் பக்கவாத்தியக்காரரின் இலையை முதலில் எண்ணுங்கள். பொன்னாடையை ஒன்று குறைத்தாலும் குறையில்லை. சுவைஞர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டும் கை, நள்ளிரவில் இட்லி பரிமாறும் கையிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசலாகாது. வெளியே ஒருவர் இலைக்காகக் காத்திருந்தால் உண்டவுடன் எழுந்து இடம் விடுவது நாகரிகம். எழும்போது, "நன்றாக இருந்தது" என்று சமைத்தவர் காதில் விழச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் மேடையை நோக்கிப் 'பலே' சொன்ன நாவுக்கு அது அரிய செயலன்று. ஒரு கச்சேரியையும் முழுதாய்க் கேட்க வாய்க்காத அந்தச் செவிகளுக்கு நாம் தரக்கூடிய இசை அதுவே.