வோல்தெர்ராவின் வெள்ளைத் தூசி

வோல்தெர்ராவில் அலபாஸ்டர் பட்டறையைத் தேட முகவரி வேண்டியதில்லை. மாவு மில் வாசல்போல எந்தப் படி வெளுத்திருக்கிறதோ, அங்கே நுழைந்தால் போதும்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்றின் உச்சியில் இருக்கிறது இந்த மதில் சூழ்ந்த ஊர். நடுச் சதுக்கத்தில் பலாஸ்ஸோ தெய் பிரியோரி என்ற ஊர் மன்ற மாளிகை. 1208-இல் தொடங்கி 1257-இல் முடித்தது, டஸ்கனியில் அதுதான் மூத்தது. பயணிகள் அதைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கிறார்கள். நான் போனது பட்டறைகளுக்காக.

ஒரு பட்டறைக்குள் இருந்த பெரியவருக்குப் புருவம்வரை வெள்ளை. ஒரு கல்லை நீட்டி, நகத்தால் கீறச் சொன்னார். கீறல் விழுந்தது. பளிங்கில் இது நடக்காது. அலபாஸ்டர் ஜிப்சம் இனத்துக் கல். களிமண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடப்பது. காஸ்தெல்லீனா மாரித்திமா பக்கத்துக் கல்லுக்குத்தான் பேர்.

சுத்தியால் மெல்லத் தட்டிக் காது கொடுத்தார். கணீரென்றால் கடைசலுக்குப் போகும். ஓசை மந்தமானால் உள்ளே விரிசல். தேறிய கல்லைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, கிண்ணமாகக் குடைந்தார். அவ்வப்போது நிறுத்தி உள்ளே ஒரு பல்பைப் பிடித்துப் பார்ப்பார். சுவர் மெலிய மெலிய, வெளிச்சம் தேன் நிறத்தில் கசியத் தொடங்கியது. அளவுகோலை அவர் தொடவே இல்லை. பிறகு அரம், உப்புத்தாள், கடைசியில் மெழுகு. இதே கல்லை வெந்நீரில் பக்குவமாகக் காய்ச்சினால் ஒளி புகாத வெள்ளையாகிப் பளிங்கு வேஷம் போடும். எனக்கென்னவோ அந்த வித்தை பிடிக்கவில்லை. ஒளியை விடுவதுதானே இந்தக் கல்லின் அழகு!

கிறிஸ்துவுக்கு முன்பே, இப்பகுதியின் பண்டைய மக்களான எத்ருஸ்கர்கள் இதில் சாம்பல் பேழைகள் செதுக்கினார்கள். ஊரிலுள்ள குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் 600-க்கும் மேற்பட்ட பேழைகள் வரிசை கட்டி நிற்கின்றன. சுடுமண்ணிலும் மணற்கல் போன்ற பிற கற்களிலும் செய்தவையும் அவற்றில் உண்டு. பின்னர் மங்கிய தொழிலை 1791-இல் பட்டறை நிறுவித் தூக்கி நிறுத்தியவர் மார்ச்செல்லோ இங்கிராமி. 19-ஆம் நூற்றாண்டில் இவ்வூர் வணிகர்கள் கடல் கடந்து போய் விற்றார்கள். மெக்சிகோ பேரரசர் மாக்சிமிலியன் கேட்டுச் செய்த இரண்டு பெரிய விளக்குத் தண்டுகள் இங்குள்ள வீத்தி மாளிகையில் இன்றும் நிற்கின்றன. 1867-இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதால் சரக்கு கப்பலேறவில்லை.

ஊர்க்காரர்களின் கல் பாசத்துக்கு எத்ருஸ்க வாயிலான போர்த்தா அல்லார்கோ சாட்சி. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்க்க இருந்தது. மக்கள் தெருவின் தளக்கற்களைப் பெயர்த்து, ஒரே நாளில் வாயிலை அடைத்துக் காப்பாற்றினார்கள்.

2014-இல் மதிலின் ஒரு பகுதி சரிந்தபோது உலகமே எழுதியது. பட்டறை ஒன்று பூட்டப்பட்டால் யாரும் எழுதுவதில்லை. என் கணக்கில் இரண்டும் ஒரே இழப்புதான்.

அங்கே போகிறவர்கள் பளபளக்கும் கடையைத் தாண்டி, தூசி பறக்கும் பட்டறையிலேயே வாங்குங்கள். வாங்கியதைத் தோட்டத்தில் வைக்காதீர்கள். மழை பட்டால் கரையும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.