வால்

ஜூன் 18

கோடை விடுமுறையில் ஆள் வைத்து வரைந்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புச் சுவர் நீல நிற ரயில் பெட்டியாகிவிட்டது. சக்கரம், ஜன்னல் கம்பி எல்லாம் கச்சிதம். "இது எப்ப டீச்சர் கிளம்பும்?" என்று ஒரு வாண்டு கேட்டது. பெயின்ட் காயட்டும் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் 'டோட்டோ-சான்' புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பயிற்சிப் பள்ளியில் படித்தபோது வாங்கியது. சுவர் ரயிலைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. டோக்கியோவின் ஜியுகாவோகாவில் சோசாகு கோபயாஷி 1937-ல் தொடங்கிய தோமோயி பள்ளியில் நிஜ ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். மாணவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். புதுப் பெட்டி ஒன்று ராத்திரியில் வருகிறது என்றதும், தண்டவாளம் இல்லாமல் அது எப்படி வரும் என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. தலைமை ஆசிரியர் விடை சொல்லவில்லை. போர்வையோடு வந்து பள்ளியிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். பெட்டியை டிராக்டர் இழுத்து வந்ததைப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தார்கள். நானாக இருந்தால் "டிராக்டர்ல வரும், போய் உட்காருங்க" என்றிருப்பேன்.

ஜூன் 19

மூன்றாம் வகுப்பில் ஒருவன் இருக்கிறான், அறுந்த வால். இன்று மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தான். "வாலைச் சுருட்டி டவுசருக்குள்ள வச்சிருக்கியாடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனான்.

ஜூன் 20

இரவு புத்தகத்தில் அடுக்களைக் காட்சியைத் தாண்ட முடியவில்லை.

மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்ததைப் பற்றி வகுப்பாசிரியை சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சுவாக்கில், வேடிக்கையாக, தகாஹாஷியிடம் உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். தகாஹாஷி, கைகால் வளர்ச்சி நின்றுபோன பையன். அன்று கோபயாஷி அந்த ஆசிரியையைக் கடுமையாகக் கேட்கிறார். அதுவும் எங்கே? மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் இல்லை, அடுக்களையில். அங்கே படித்த சிறுமி டோட்டோ-சான் தற்செயலாகக் காதில் வாங்கியிராவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. பையனின் மானத்துக்காகக் கோபப்பட்டவர், திட்டு வாங்கியவரின் மானத்தையும் பார்த்திருக்கிறார். என்னைத் திட்டியவர்கள் யாரும் அடுக்களை தேடியதில்லை.

அதே மனிதர்தான் விளையாட்டு விழாவை வேறு மாதிரி யோசித்தவர். ஒரு பந்தயம் படிகளில் ஏறுவது. அகலப் படிகளா அவை? தாழ்வான, சின்னச் சின்னப் படிகள். ஒவ்வொன்றாக ஏற வேண்டும், தாண்டக் கூடாது. நெட்டைக் கால்கள் தடுமாறும், தகாஹாஷியின் குட்டைக் கால்கள் தடதடவென்று ஏறிவிடும். எல்லாப் போட்டியிலும் அவனே முதல். பரிசு என்னவோ முள்ளங்கி, கீரை வகையறா! இது உனக்காக என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ரயிலை வரைந்துவிடலாம். அந்த அடுக்களையை எந்தச் சுவரில் வரைவது?

ஜூன் 23

1945-ல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோனது. கோபயாஷி 1963-ல் இறக்கும்வரை அந்தத் தொடக்கப்பள்ளியை மறுபடி கட்ட முடியவில்லை. டோட்டோ-சானாக இருந்த தெத்சுகோ குரோயாநாகி புத்தகம் எழுதியது 1981-ல். அவர் எழுதியிராவிட்டால் அந்த ரயில் பள்ளியை நான் எங்கே அறிந்திருப்பேன்?

சேர்த்துக்கொள்ளும் நாளில் அந்தச் சிறுமி நான்கு மணி நேரம் பேசினாளாம், கோபயாஷி கொட்டாவிகூட விடாமல் கேட்டாராம். இன்று நானும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். மேசைக்கு அடியில் இருந்தவனிடம், நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, "என்னடா பண்ற?" என்று மட்டும் கேட்டேன். வாய்க்கால் பாலத்துக்குக் கீழே நாய் குட்டி போட்டிருக்கிறதாம். தாய் எப்படிச் சுருண்டு படுக்கிறது என்று செய்து காட்டினான். அதற்குள் மணி அடித்துவிட்டது. நான்கு நிமிடம் இருக்கும்.

எத்தனை குட்டி என்று கேட்க மறந்துவிட்டேன்.