திண்டிவனத்திலிருந்து மூன்று சாலைகள்

சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் நீங்கள் எத்தனையோ முறை திண்டிவனத்தைத் தாண்டியிருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, "விழுப்புரம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று விசாரிப்பதோடு சரி. புளிய மரத்துக்கு வடமொழியில் 'திந்திரிணி' என்று பெயர். புளியங்காடாக இருந்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் சுவாமிக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம்.

இந்த ஊரின் விசேஷம் அதன் சாலைகள். வடக்கே சென்னை. மேற்கே செஞ்சிக் கோட்டையைத் தொட்டுக்கொண்டு, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர். தெற்கே விழுப்புரம், அங்கிருந்து சேலம், கோயம்புத்தூர் என்று நீலகிரி வரையில் போகலாம். கிழக்கே புதுச்சேரி, அதற்கப்பால் சமுத்திரம்தான், ஆகையால் அதை விட்டுவிடுவோம். இத்தனை சாலைகள் கூடும் இடத்தில் நின்றுகொண்டு, "என் பெண்ணுக்குப் பில்லியர்ட்ஸ் கற்றுத் தர நல்ல வாத்தியார் எந்தத் திசையில் கிடைப்பார்?" என்று ஒரு தாயார் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

சிரிக்காதீர்கள். 2025 நவம்பரில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹா நகரில் உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஹாங்காங்கின் ங் ஆன் யீ. முன்பே மூன்று முறை உலகப் பட்டம் பெற்ற வீராங்கனை. 3-2 என்ற கணக்கில் நம் பெண் ஜயித்தார். இந்தியப் பெண் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நானும்" என்று உங்கள் பெண் ஆரம்பித்தால், "அதெல்லாம் கிளப்பில் ஆண்பிள்ளைகள் ஆடுவது" என்று வாயை அடைப்பது இனிமேல் நடக்காது.

தென்மேற்குச் சாலையை முதலில் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்தில் பல்சக்கர ரயில் ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டே உதகமண்டலத்தில் இறங்குகிறீர்கள். அங்கே ஊட்டி கிளப் என்று ஒரு பழைய வெள்ளைக் கட்டடம். உள்ளே போக அங்கத்தினர் தயவு வேண்டும். 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலச் சிப்பாய் அதிகாரி நெவில் சேம்பர்லேன், பில்லியர்ட்ஸ் மேஜையில் வர்ணப் பந்துகளைக் கூடுதலாகப் பரப்பி ஒரு புது ஆட்டம் ஆடிப் பார்த்தார். (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த சேம்பர்லேன் வேறு.) 1882 வாக்கில் அந்த ஆட்டத்தின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு, சுவரில் மாட்டப்பட்டது இந்த ஊட்டி கிளப்பில்தான். சீமையில் ராணுவப் பள்ளியில் முதல் வருஷத்துப் பையனை 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்வார்களாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒரு நண்பரைச் சேம்பர்லேன் அப்படி அழைக்கப் போய், ஆட்டத்துக்கே அது பெயராயிற்று. கற்றுக்குட்டியின் பெயரைத் தாங்கிய ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள உங்கள் பெண் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆனால் ஊட்டி யாத்திரை கண்ணுக்கு விருந்தே ஒழிய, வாத்தியார் தேட ஏற்ற திசை அல்ல.

மேற்குச் சாலைக்கு வருவோம். பெங்களூரில் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர், உமாதேவி நாகராஜ். முப்பது வயதில், 1995-ல், கிளப்பில் மேஜைப் பந்து ஆடப் போனார். மேஜை காலியில்லை. சும்மா நிற்பானேன் என்று பக்கத்திலிருந்த பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் போனார். 2012-ல் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் பட்டம் அவர் கைக்கு வந்தது! ஆகவே, பெண்ணுக்காக வாத்தியார் தேடப் போகும் தாயார் தாமும் ஒரு கோலை எடுத்துப் பார்த்தால் குற்றமில்லை. அதே ஊரில்தான் அரவிந்த் சவூரிடம் பங்கஜ் அத்வானி பயின்றார். 2003-ல், பதினெட்டு வயதில், உலக ஸ்நூக்கர் சாம்பியன் ஆனார். மறு வருஷம் ஆசானுக்குத் துரோணாசார்யர் விருது. 1958-லும் 1964-லும் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்ற வில்சன் ஜோன்ஸுக்கு அந்த விருது 1996-ல் கிடைத்தது. சாம்பியனே நல்ல ஆசானாகவும் அமைவது பாக்கியம். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் வாத்தியாருடைய அலமாரியில் எத்தனை கோப்பை இருக்கிறது என்று எண்ணுவதை விட, அவரிடம் கற்ற குழந்தைகளில் இரண்டு பேரைப் பார்த்துப் பேசுவது மேல்.

வடக்குச் சாலைதான் கிட்டே. சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே தமிழ்நாடு பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் சங்கம் இருக்கிறது. பயிற்சியாளர்களைப் பற்றி அவர்களிடம் விசாரிக்கலாம். சென்னையில் சித்தி வீடோ அத்தை வீடோ இருந்தால், கோடை விடுமுறைக்கு அங்கே விட்டு ஆரம்பிக்கலாம்.

எந்த ஆட்டம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்து. ஸ்நூக்கருக்கு இருபத்திரண்டு: சிவப்பு பதினைந்து, வர்ணம் ஆறு, அடிக்கும் வெள்ளை ஒன்று. இரண்டுக்கும் பன்னிரண்டடி மேஜை. 'பூல்' என்பது சிறிய மேஜையில், எண் போட்ட பந்துகளோடு, அகலமான குழிகளோடு ஆடுவது. சீக்கிரம் கை வரும். பூல் மட்டும் ஆடிப் பழகியவர், "ஸ்நூக்கரும் அதே மாதிரிதான் அம்மா" என்றால் நம்ப வேண்டாம். கிளப்புகளில் பந்து எடுத்து வைத்து, கணக்குச் சொல்லும் மார்க்கர் என்று ஒருவர் இருப்பார். நாளெல்லாம் பிறர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர். பெயருக்கு முன் பட்டம் இல்லை என்று அவரை அலட்சியம் செய்யாதீர்கள்.

பாடம் நடக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "வெளியே இருங்கள்" என்று சொல்கிற இடத்தை விட்டு அப்போதே எழுந்து வந்துவிடலாம். நல்ல வாத்தியார் பந்தைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் காலைப் பார்ப்பார். எப்படி நிற்கிறாள், முழங்கை எங்கே போகிறது, மேஜை மேல் ஊன்றிய கை ஆடுகிறதா என்பதற்கே முதல் சில நாட்கள் சரியாகிவிடும். வந்த அன்றைக்கே பந்தைச் சுழல வைக்கக் கற்றுக் கொடுப்பவரும், மூன்று பந்தை ஒரே அடியில் குழியில் தள்ளி உங்களைப் பிரமிக்க வைப்பவரும் சர்க்கஸுக்குப் பொருத்தமானவர்கள். முழங்கையைத் திருத்தும்போது கையைப் பிடித்து இழுக்கிறாரா, தாமே நின்று காட்டிச் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சொல்லித் திருத்தத் தெரிந்தவருக்குத் தொட வேண்டிய அவசியம் மிகக் குறைவு.

இந்த இடத்தில் திண்டிவனத்துக்குத் திரும்பத் தோன்றுகிறது. 1890-ல் இந்த ஊரில் பாதிரி டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கட்டர். ஓரிரவில் மூன்று வீட்டுக்காரர்கள், பிரசவ வேதனையில் இருந்த மனைவியரைக் காப்பாற்ற ஐடாவைக் கூப்பிட வந்தார்கள். ஆண் டாக்டர் கூடாது என்று பிடிவாதம். ஐடா வைத்தியம் படித்தவர் அல்ல. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்தார். வேலூர் ஆஸ்பத்திரி எழுந்தது. உயிர் விஷயத்தையும் விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால், "சொல்லிக் கொடுப்பவர் ஆண்பிள்ளை, ஆகையால் வேண்டாம்" என்று பெண்ணின் ஆசையை மூட்டை கட்டுவதும் அந்தப் பிடிவாதத்தின் தங்கைதான். பெண் ஆசிரியை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், வெளிச்சமான கூடம், வேறு இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ளும் இடம், உங்களுக்கு ஒரு நாற்காலி, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். புகை நாற்றம் வந்தால் திரும்பி விடுங்கள்.

சம்பளம் பேசும்போது மேஜை வாடகையும் அதில் சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். ஒரு வருஷத்துப் பணத்தை முன்னதாகக் கட்டச் சொன்னால் கட்டவேண்டாம். உடுப்பு விஷயமும் உண்டு. தாவணித் தலைப்போ வளையலோ ஒரு பந்தில் பட்டாலும் குற்றம். எதிராளிக்குப் புள்ளி போய்விடும். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நல்ல வாத்தியார் இவற்றை முதல் நாளே சொல்லி, எட்டாத பந்துக்குத் துணைக் கோலை எடுத்துக் கொடுப்பார்.

ஒரு மாதம் கழித்து நீங்களே ஒரு சோதனை வைக்கலாம். பழுப்புப் பந்து வைக்கும் புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், ரோஜா, கறுப்பு ஆகியவற்றின் புள்ளிகள் மேலாக நேரே அடிக்கச் சொல்லுங்கள். எதிர்ச்சுவரில் மோதிய பந்து, போன வழியே திரும்பி அவள் கோலின் நுனிக்கு அருகே வந்து சேர்ந்தால், இரண்டாம் மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.