சபர்மதிக் கரையில் தக்ளியும் இராட்டையும்

அகமதாபாத்தில் வாழும் தமிழன்பர்கள் தம் மக்களோடு ஒருமுறையேனும் காண வேண்டிய இடம், 1917-இல் சபர்மதி நதிக்கரையில் அமைந்த காந்தி ஆசிரமம். நாங்கள் ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் சென்றிருந்தோம். காந்தியடிகள் வாழ்ந்த ஹிருதய குஞ்ச் இல்லத்தில் இராட்டையைக் கண்டு, நூற்கும் முறைகளைப் பிள்ளைகளுக்கு விளக்கினோம்.

பஞ்சை இழுத்தல், முறுக்குதல், சுற்றுதல்: நூற்பென்பது இம்மூன்றே. தக்ளி, அடியில் வட்டத் தகடு பொருத்திய சிறு கம்பி. விரலால் சுழற்றிவிட்டால் தொங்கியவாறே சுழன்று இழையை முறுக்கும். கை எட்டுமட்டும் இழை நீண்டதும் நிறுத்திக் கம்பியில் சுற்ற வேண்டும். இராட்டையிலோ கதிர் படுத்திருக்கும். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பஞ்சுத் திரியைப் பின்னோக்கி இழுக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் கதிர் பன்முறை சுழல்வதால் வேலை விரையும். ஆயினும் தக்ளியைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம்.

ஆசிரமத்தின் தொடக்க நாட்களில் அங்கு நூற்கத் தெரிந்தவர் எவருமிலர். கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் நெடுநாள் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் இராட்டைகளைக் கண்டுபிடித்தார். அவை பல வீடுகளில் பரண்மேல் கிடந்தன. திரி கொடுத்து நூலை வாங்கிக்கொள்வாரிருப்பின் நூற்கச் சித்தம் என்றனர் அவ்வீட்டார். கேட்பாரின்றிப் பரணேறிய தொழில், கேட்டதும் இறங்கி வந்தது!

வீடு திரும்பியபின் எங்கள் மகளிடம் ஒரு தக்ளியைத் தந்தோம். இழை மும்முறை அறுந்தது. நான்காம் முறை ஒரு முழம் நீண்டது. நம் பாட்டிமார் அறிந்த கைத்தொழில்களும் கதைகளும் இன்று பரணில்தான் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு இறக்கிக்கொள்வோமாக.