திருப்பி அனுப்பத் தெரிந்தவர்

எனக்கு அறிவாளிகள் மேல் ஒரு மயக்கம் உண்டு. மேடையில் ஒருவர் துண்டுச் சீட்டைப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல், எதிராளியின் நியாயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிப் பேசிவிட்டால் போதும்; அவர் எந்தக் கட்சி என்பதே மறந்துபோகும். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒட்டிக்கொண்ட மயக்கம் இது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்த இடம். பேச்சுக்கு அங்கே எப்போதும் மரியாதை உண்டு.

மயக்கம் தலைக்கேறியது 2002 ஜூனில். அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அப்துல் கலாமைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவித்தார்கள். விடுதி மெஸ்ஸில் அன்று சாம்பாரைக் குறை சொல்ல ஆளில்லை. ராமேஸ்வரத்துக்காரர், விஞ்ஞானி, அதற்கெல்லாம் மேலே ஒரு வாத்தியார்! எதிர்த்து நின்றவரும் லேசுப்பட்டவர் இல்லை. சென்னையில் பிறந்து, நேதாஜியின் படையில் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் லட்சுமி. “இந்த மாதிரி ரெண்டு பேர் நிக்கிற தேர்தல் இனிமே வராதுடா” என்றான் அறைத்தோழன். அடுத்த மூச்சிலேயே, “ஆமா, நாம எந்த பூத்துல போய் போடணும்?” என்று கேட்டான். முதுகலை படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூலை 15-இல் வாக்குப்பதிவு நடந்தது. கலாமுக்கு 9,22,884 மதிப்புள்ள வாக்குகள், லட்சுமிக்கு 1,07,366. எங்கள் விடுதியின் ஓட்டு அதில் ஒன்றும் இல்லை.

பிறகு கடலூரில் சமூக அறிவியல் ஆசிரியரானேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறைத்தோழனின் அந்தக் கேள்வி வேறு வேறு குரல்களில் என்னிடம் வரும். 2012-இல் ‘கலாமை மறுபடியும் அனுப்புங்கள்’ என்று முகநூல் அமளிதுமளிப்பட்டபோது என் பழைய மாணவர்கள் பலர் அதில் முன்வரிசையில் நின்றார்கள். கட்சிகளின் கணக்கு வேறாக இருந்தது. ஜூன் 18-ஆம் தேதி, போட்டியிடவில்லை என்று கலாமே சொல்லிவிட்டார். “இவ்வளவு பேர் கேட்டும் நடக்கலையே சார்” என்று ஒருவன் போனில் புலம்பினான். கேட்டவர்கள் கோடிப் பேராக இருக்கலாம். வாக்குச்சீட்டு இருந்தது ஐயாயிரத்துக்கும் குறைவான எம்.பி., எம்.எல்.ஏ.க்களிடம்.

இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. 2022-இல் வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடலூர் மாவட்டத்தில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். பெஞ்சுகளை ஒன்பதாகப் பிரித்து திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் என்று பெயர் வைத்தோம். முதலில் ஒரு கேள்வி: குடியரசுத் தலைவர் எப்படி இருக்க வேண்டும்? பதில்கள் மளமளவென்று விழுந்தன. அறிவாளி, பொறுமைசாலி, நிறையப் படித்தவர், அவசரப்படாதவர். அப்படி வகுப்பில் யார்? எல்லோரும் ஒரே பெண்ணைக் காட்டினார்கள். முதல் மதிப்பெண்காரி, சண்டை வந்தால் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்த்துவைப்பவளும் அவள்தான்.

“சரி, இப்போ உங்க பெஞ்சுக்கு ஒரு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுங்க” என்றேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கிரிக்கெட் மட்டை வைத்திருப்பவன், வீட்டுப்பாடத்தைக் காப்பியடிக்கக் கொடுப்பவள், எல்லோரையும் சிரிக்க வைப்பவன், அண்ணன் பைக்கில் வந்து இறங்குபவன். இப்படி ஒன்பது பேர்.

உண்மைத் தேர்தலில் எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. குறியிடத் தேர்தல் ஆணையமே ஊதா மை பேனா தரும். வேறு பேனாவால் எழுதினால் செல்லாது. சின்னம் கிடையாது. 1, 2 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. இளஞ்சிவப்புத் தாளும் ஊதா பேனாவும் வாங்கி வைத்திருந்தேன். ஒன்பது பேரும் வராந்தாவுக்குப் போனார்கள். அங்கே என்ன பேரம் நடந்ததோ, வெள்ளிக்கிழமை விளையாட்டு வகுப்பில் மைதானம் பிடித்துத் தருவதாகச் சொன்ன பையன் ஏழு ஓட்டில் குடியரசுத் தலைவர் ஆனான். முதல் மதிப்பெண்காரிக்கு இரண்டு.

வகுப்பே கொந்தளித்தது. “சார், நாங்க எல்லாரும் அவளைத்தானே நெனச்சோம்!”

“நெனச்சீங்க. ஓட்டு யாருக்குப் போட்டீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்ப நேரா நம்மளையே போடச் சொல்ல வேண்டியதுதானே சார்? இலங்கையில போடுறாங்களே” என்றான். நியாயமான கேள்வி. அரசியல் நிர்ணய சபையிலேயே கே.டி. ஷா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று வாதாடினார். நேரு தரப்பு ஏற்கவில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டிய ஒருவருக்கு நாடு முழுவதும் ஓட்டு வாங்கிய பலத்தைக் கொடுத்தால் பிரதமரோடு மோதல்தான் வரும் என்பது அவர்கள் கவலை. இலங்கையில் ஜனாதிபதியிடம் ஆட்சி அதிகாரமே இருக்கிறது. அதனால் மக்களே போடுகிறார்கள். எங்கள் கையில் இருப்பது வேறு கணக்கு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. ஒன்பது பேருக்கு 1,584. கடலூர், சிதம்பரம் எம்.பி.க்கள் இருவருக்கும் 2022-இல் தலா 700. ஆக 2,984. நாட்டின் மொத்தம் அந்த ஆண்டு 10,86,431. ஒரு சதவீதத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டும். சின்னத் தொகைதான், ஆனாலும் நம் தொகை.

இந்த இடத்தில் என் மயக்கத்தின் கதைக்குத் திரும்ப வேண்டும். அறிவாளி மேலே போய் உட்கார்ந்தால் என்ன செய்வார்? மேடைப் பேச்சில் அதற்கு விடை கிடைக்காது. அவர் மேஜைக்கு வரும் காகிதத்தில்தான் கிடைக்கும்.

கலாம் பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் ஓர் அவசரச் சட்டம் கையெழுத்துக்கு வந்தது. வேட்பாளர்கள் தங்கள் வழக்குகள், சொத்து, படிப்பு எல்லாவற்றையும் வாக்காளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்திருந்தது. சொத்தையும் படிப்பையும் சொல்ல வேண்டியதில்லை என்று அதை நீர்த்துப்போகச் செய்யும் சட்டம் அது. 2002 ஆகஸ்டில் கலாம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அப்படியே மறுபடியும் அனுப்பியது. இரண்டாம் முறை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அரசியல் சட்டம் அப்படி. போட்டார். 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்த பிறகுதான் நமக்கு முழு விவரமும் கிடைத்தது. 2006-இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவையும் அவர் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் ஒரு சொல் மாற்றாமல் மறுபடி நிறைவேற்ற, அதிலும் கையெழுத்திட்டார். இடையில், 2005 மே மாதம், மாஸ்கோவில் இருந்தபோது பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் வந்தது. அன்று திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது.

அவருக்கு முந்தைய கே.ஆர். நாராயணனும் படிப்பாளிதான். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை யோசித்தது, பரிந்துரையைக் கைவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. திருப்பி அனுப்பியவர்கள் இருவருமே அறிவாளிகள். ஒரு காகிதம் அதோடு நின்றது, இன்னொன்று போன வேகத்தில் திரும்பி வந்தது. வித்தியாசம் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களிடம் இருந்தது. மேலே எத்தனை பெரிய மேதையை உட்கார வைத்தாலும், ‘கொஞ்சம் யோசியுங்கள்’ என்று அவர் சொல்லும்போது யோசிக்க இந்தப் பக்கம் ஆள் வேண்டும். அந்த ஆட்களை அனுப்புவது நாம்.

இதைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தாய்மாமாவிடம் சொன்னேன். கட்சியில் நெடுநாள் கிளைச் செயலாளர். சிரித்தார்.

“ராவுல பாம்பு கடிச்சா டெல்லிக்கா போன் போடுவ மாப்ள? நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறவன்தான் எங்களுக்கு வேணும்.”

“வந்து நிக்கிறவரு யோசிக்கவும் தெரிஞ்சவரா இருக்கக் கூடாதா மாமா?”

“இருக்கலாம்தான். யாரு கேக்கறா?”

மாமாவை எளிதில் தள்ளிவிட முடியாது. கீழணையில் எவ்வளவு திறந்தால் வடவாறு வழியாக வீராணத்துக்கு எத்தனை நாளில் தண்ணீர் வரும், ஏரி 47.5 அடியை நெருங்கும்போது வெள்ளியங்கால் ஓடையில் எப்போது விட்டால் எந்த ஊர் வயல் மூழ்கும், எந்த ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். எல். இளையபெருமாள் பேச்சைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். அந்தப் பகுதியிலிருந்து 1952-இலேயே மக்களவைக்குப் போனவர் இளையபெருமாள். தீண்டாமை பற்றி ஆராய 1965-இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969-இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரையைச் சுட்டிக்காட்டித்தான் தமிழ்நாட்டில் 1971-இல் சட்டத் திருத்தமே வந்தது. ஊர் ஊராகப் போய்க் கேட்டு, எழுதி, சட்டமாக்கும் அளவுக்கு ஒரு யோசனையைக் கொண்டுபோன ஆளை நம் மண் அனுப்பியிருக்கிறது. ஆனால் மாமா தம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்த எவரிடமும் அந்தத் துருப்பிடித்த ஷட்டரைப் பற்றிக் கேட்டதில்லை. சின்னத்தைப் பார்ப்பார், குத்துவார், வருவார்.

நான் மட்டும் என்ன? 2004-இல் மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களைப் படித்திருக்கிறேன். மனைவி பெயரில் எத்தனை சவரன், எந்தப் பிரிவில் வழக்கு, கூட்டுறவு வங்கியில் எவ்வளவு கடன், எந்த ஆண்டு பட்டம். பக்கத்தில் நின்று படித்தவர்கள் கட்சி வக்கீல்கள். எதிராளியின் தாளில் ஓட்டை தேடி வந்தவர்கள். இப்போது அத்தனையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பார்த்தாலும், இந்த ஆள் யோசிப்பாரா என்பதற்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. அதை நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தேர்தலில் கேட்டேன். எங்கள் தெருவுக்குத் திறந்த ஜீப்பில் ஒரு வேட்பாளர் வந்தார், ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்தவர். முன்னால் தாரை தப்பட்டை, பின்னால் ஆரத்தித் தட்டோடு வரிசையில் பெண்கள். சத்தம் ஓய்ந்த ஒரு நொடியில், “போன தடவை சபையில எந்த மசோதா மேல பேசினீங்க?” என்றேன். அவர் கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. பக்கத்தில் நின்றவர், “சார், ஆரத்தி வருது, கொஞ்சம் தள்ளுங்க” என்று என்னை ஓரங்கட்டினார். ஜீப் நகர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “என்ன சார், ஓட்டுக் கேட்டு வந்தவங்களுக்கே பரீட்சை வைக்கிறீங்க?” என்றார். தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் அதே அக்கா வாசலுக்கு வந்து நின்றார். “நெசமாவே அவரு எதைப் பத்தியும் பேசினது இல்லையா சார்?” தெரியாது என்றேன். “தெரிஞ்சா சொல்லுங்க” என்று போனார். அவருக்கும் யோசிக்கத் தெரிந்த தலைவர்தான் வேண்டும். யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அறிவாளி மயக்கம் எனக்கு இன்னும் போகவில்லை; போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். டெல்லிக்கு யார் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்குவதற்குச் செலவில்லை. நம் தொகுதியில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பதற்குக் கொஞ்சம் வெட்கத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் தேர்தல் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் வேட்பாளருக்கு ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொல்கிறேன். வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது அப்பா, அம்மா கேட்க வேண்டிய கேள்வி. மாமாவும் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஷட்டர் பற்றி.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-இல். அதில் பச்சைச் சீட்டு வாங்கும் மக்களவை உறுப்பினர்களுக்கு 2024-இல் ஓட்டுப் போட்டாகிவிட்டது; இளஞ்சிவப்புச் சீட்டு 2026 தேர்தலின் கணக்கு. யோசிக்காமல் எழுதிய காகிதத்தைக் குடியரசுத் தலைவர் ஒரே ஒருமுறைதான் திருப்பி அனுப்பலாம். அதை எழுதி அனுப்பும் கூட்டத்தை, ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் நமக்கு இருக்கிறது.